அச்சில் வார்த்த மெழுகுதிரி

(பொன்விழா ஆண்டையொட்டி நம் பங்கின் தாய்மார் சங்கத்தாரும் இளையோரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. விழாக்குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் அச்சிடப்படுகிறது.)

அன்பார்ந்த தாய்மாரே, சகோதரிகளே, வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கும் இளைஞர்களே,

பொன்விழா நிறைவு நாளின் மெழுகுதிரிப் பவனிக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கையால் செய்த திரியை ஏந்தி வரவேண்டும் என்று விழாக்குழு தீர்மானித்தபோது, இரண்டு விதமான பேச்சு என் காதுக்கு வந்தது. கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கும்போது இந்த வேலை எதற்கு என்றார்கள் சிலர். கடைத் திரிகூட வேண்டாம், பேட்டரியில் எரியும் திரி வந்துவிட்டதே, காற்றில் அணையாது, சேலையில் சொட்டாது என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் குழுவின் தீர்மானத்துக்கு நான் ஒப்புதல் கொடுத்தேன். ஒரு நிபந்தனையோடு கொடுத்தேன். அடுப்பில் மெழுகை வைக்கும் முன்னால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது இந்த மண்டபத்துக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பதே அது. பிரசங்கம் கேட்பதற்கு அல்ல. அது ஞாயிறுதோறும் கேட்கிறீர்கள். நெருப்பைப் பற்றிக் கேட்பதற்கு.

முதலில் ஒரு சின்ன வேடிக்கை. இதோ, இந்தத் திரி எரிகிறது. ஊதி அணைக்கிறேன். திரியின் நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்புகிறதல்லவா? தீக்குச்சியைத் திரிக்கே கொண்டுபோகாமல், ஓர் அங்குலம் மேலே அந்தப் புகையில் மட்டும் காட்டுகிறேன். பார்த்தீர்களா, சுடர் புகைவழியாக இறங்கித் திரியைப் பிடித்துக்கொண்டது! இதைத்தான் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி, 1860ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்குச் செய்து காட்டினார். கொல்லன் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். ஒரு மெழுகுதிரியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார் என்றால், அதற்குள் எவ்வளவு சங்கதி இருக்கிறது பாருங்கள்.

இந்த வேடிக்கையிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? எரிவது நூல் அல்ல. கட்டி மெழுகும் அல்ல. சூட்டில் மெழுகு உருகி, நூல் வழியாக மேலே ஏறி, அங்கே ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. நூல் வெறும் ஏணி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். திரி தடித்தால் ஏன் புகைகிறது? ஏணி பெரிதாகி, காற்றால் எரித்துத் தீர்க்க முடியாத அளவு மெழுகு மேலே வந்துவிடுகிறது. திரி மெலிந்தால் ஏன் அணைகிறது? உருகிய குளத்தில் அது மூழ்கிவிடுகிறது. அடுப்பில் வைத்த மெழுகு ஏன் திடீரென்று பற்றிக்கொள்கிறது? பாத்திரம் முழுவதுமே ஒரு பெரிய திரியாகிவிடுகிறது. இந்த மூன்றாவதற்குத்தான் உங்களை வரச்சொன்னேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்துக்கு முன்பு, ஐரோப்பாவில் ஏழைகள் எரித்ததெல்லாம் ஆட்டுக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்புத் திரிகள். நாற்றமும் புகையுமாக எரியும், வெயிலில் வளையும். தேன்மெழுகுத் திரி கோவிலுக்கும் அரண்மனைக்கும் மட்டுமே கட்டுப்படியானது. பிரான்சு நாட்டில் செவ்ரெல் என்ற வேதியியல் அறிஞர் கொழுப்பைப் பிரித்து ஆராய்ந்து, அதில் கெட்டியாக நிற்கும் பொருளைத் தனியே எடுத்தார். 1825இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். அந்தப் பொருள்தான் இன்று கடையில் ஸ்டீரிக் ஆசிட் என்று வெள்ளைச் செதில்களாக நீங்கள் வாங்குவது. ஆசிட் என்ற பேரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். கையில் எடுத்தால் ஒன்றும் செய்யாது. செவ்ரெல் 102 வயதுவரை இருந்தவர். மெழுகைத் தொட்டவர்களுக்கு ஆயுசு கெட்டி என்று நான் சொல்லவரவில்லை. சும்மா ஒரு சேதிக்குச் சொல்கிறேன்.

அதே காலத்தில்தான் திரிநூலை முறுக்காமல் சடையாகப் பின்னுகிற வழியும் பிரான்சில் பிறந்தது. முறுக்கிய நூல் விறைப்பாக நின்று சுடரின் நடுவே கரியாகிச் சேரும். யாராவது அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்கவேண்டும். பின்னிய நூலோ எரிய எரிய ஒரு பக்கம் சாய்ந்து, சுடரின் ஓரத்துக்கு வந்து, அங்கே காற்றுப் பட்டுத் தானாகவே எரிந்து தீர்ந்துவிடும். நாளைக்கு உங்கள் வீட்டில் திரி எரியும்போது உற்றுப் பாருங்கள், நுனி வளைந்திருக்கும்.

இனி சாமான்களுக்கு வருவோம். மெழுகு என்று நாம் வாங்குவது பாரபின். பெட்ரோலியம் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. நம் நாட்டில் அஸ்ஸாமின் டிக்பாய் ஆலை இதற்குப் பேர்பெற்றது. பாரபினில் பல தரம் உண்டு. சில 50 டிகிரிக்குக் கீழேயே உருகும். சில 60 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு 58 முதல் 60 டிகிரியில் உருகுகிற தரத்தைக் கேட்டு வாங்குங்கள். மலிவாக இருக்கிறதென்று மெத்து மெழுகை வாங்கினால், அலமாரியில் வைத்த திரி ஈஸ்டருக்குள் தலைகுனிந்து நிற்கும். ஒரு கிலோ மெழுகுக்கு 100 கிராம் ஸ்டீரிக் ஆசிட் போதும். அது திரியைக் கெட்டியாக்கும், பால்போல் வெண்மையாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறும்போது மெழுகு நன்றாகச் சுருங்கி அச்சை விட்டுத் தானாகக் கழன்று வரச்செய்யும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் இதை உருக்கவேண்டாம், பச்சை பூத்துவிடும். எவர்சில்வர், அலுமினியம் நல்லது. தேன்மெழுகு கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம், மணமும் நிறமும் தனி. ஆனால் அச்சோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அச்சுத் திரிக்குப் புதிதாகக் கைவைப்பவர்கள் அதைத் தொடவேண்டாம்.

இப்போது அடுப்பு. தாய்மாரே, இந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. ஓர் அகன்ற பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர். அதன் நடுவே ஒரு பிரிமணையோ சின்னத் தட்டோ. அதன்மேல் மெழுகுப் பாத்திரம். தண்ணீர் 100 டிகிரிக்குமேல் சூடேறாது. ஆகவே அதற்குள் நிற்கிற மெழுகும் ஏறாது. மெழுகின் ஆவி தீப்பற்றத் தொடங்குவது ஏறக்குறைய 200 டிகிரியில். நடுவே இருக்கிற அந்த 100 டிகிரிதான் உங்களுக்கும் விபத்துக்கும் நடுவே இருக்கிற சுவர். நேரடித் தீயில் வைத்தால் சுவர் இல்லை. மெழுகு கொதிக்காது, பொங்காது, எந்த எச்சரிக்கையும் தராது. பால் காய்ச்சிப் பழகிய கை, பொங்கினால் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடும். மெழுகு பொங்காமலே பற்றும். தண்ணீர் வற்றிப்போனாலும் அதே கதைதான். ஆகவே அடுப்பை விட்டு நகரக்கூடாது. போன் மணி அடித்தால் அடிக்கட்டும். யாராவது வாசலில் கூப்பிட்டால், அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

தப்பித்தவறிப் பற்றிக்கொண்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை இந்த மண்டபத்தில் எத்தனை பேரிடம் கேட்டாலும் தண்ணீர் ஊற்றுவோம் என்றுதான் சொல்வார்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், கல்லறைத் திருநாளுக்குத் திரி வார்த்த ஒரு தாய் அப்படித்தான் செய்தார். ஒரு செம்புத் தண்ணீர். மெழுகைவிடத் தண்ணீர் கனமானது. ஊற்றியதும் அடியில் இறங்கும். அடியில் இருக்கிற சூட்டில் நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த ஆவி எரிகிற மெழுகையும் தூக்கிக்கொண்டுதான் மேலே வரும். கூரைவரை தீ எழும்பியது. அவர் நைலான் சேலை கட்டியிருந்தார். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நோயில்பூசுதல் கொடுக்கப் போனபோது நான் கண்டதை இங்கே விவரிக்கப்போவதில்லை. பிழைத்துக்கொண்டார், ஆண்டவருக்கு நன்றி. வலக்கை விரல்கள் மட்டும் மடங்குவதில்லை.

ஆகவே தண்ணீர் கிடையாது. அடுப்பை அணையுங்கள், பாத்திரத்தைவிடப் பெரிய மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூடுங்கள், அப்படியே விட்டுவிடுங்கள். காற்று இல்லையேல் தீ இல்லை. நன்றாக ஆறும்வரை மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். எரிகிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். மெழுகு உருக்கத் தொடங்கும்போதே மூடியும், ஒரு வாளி உலர்ந்த மணலும் பக்கத்தில் இருக்கட்டும். பருத்திச் சேலை கட்டுங்கள், முந்தானையைச் செருகுங்கள், சிறுபிள்ளைகளை அடுப்படிக்கு விடாதீர்கள். சூடான மெழுகு கையில் பட்டுவிட்டால், ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். இங்க், பற்பசை, தோசைமாவு ஒன்றும் தடவவேண்டாம். கொப்புளம் பெரிதானால் ஆஸ்பத்திரி.

சரி, பயமுறுத்தியது போதும். இனி வருவதெல்லாம் சந்தோஷமான வேலை.

திரிநூலைக் கடையிலும் வாங்கலாம். வீட்டில் செய்வதானால் நயமான பருத்தி நூல் வேண்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, நூலை ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் நிழலில் நன்றாகக் காயவையுங்கள். வெண்காரம் நூல் மெல்ல எரியவும் சாம்பல் சேராமல் உதிரவும் உதவும். பிறகு மூன்று புரியாகச் சடை பின்னுங்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது பின்னுவீர்களே, அதே பின்னல்தான். அவ்வளவு இறுக்கம் வேண்டாம். எத்தனை இழை என்பது திரியின் பருமனைப் பொறுத்தது. முதலில் ஒரே ஒரு திரி வார்த்து எரித்துப் பாருங்கள். புகைந்தால் இழையைக் குறையுங்கள், சுடர் சுருங்கி மூழ்கினால் கூட்டுங்கள். இதைச் செய்யாமல் ஐம்பது திரி வார்த்துவிட்டு வந்து நிற்காதீர்கள். பின்னிய நூலை உருகிய மெழுகில் ஒரு முறை முக்கி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து ஆறவிட்டால் கம்பிபோல் நிற்கும்.

அச்சுக்குப் பட்டணத்துக் கடைகளில் ரப்பர் அச்சு, சிலிக்கான் அச்சு எல்லாம் இன்று கிடைக்கின்றன. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் நம் சமையலறையைப்போல ஓர் அச்சுக்கடை எங்கே இருக்கிறது? வாய் அகன்று அடி குறுகிய எந்தப் பாத்திரமும் அச்சுதான். எவர்சில்வர் டம்ளர் நல்ல தூண் திரி தரும். ஓட்டை இல்லாத இட்லித் தட்டில் வார்த்தால் தண்ணீரில் மிதக்கும் திரி. மெழுகு தண்ணீரைவிட இலேசு, ஆகவே உருளியில் பூவோடு மிதக்கவிடலாம். பணியாரச் சட்டியில் வார்த்த இரண்டு அரைக்கோளங்களை, நடுவே நூல் வைத்துச் சூட்டுக் கத்தியால் ஒட்டினால் பந்து. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நீங்களே அச்செடுக்கலாம். சீத்தாப்பழம், மாதுளை, கடற்சங்கு என்று எதை வேண்டுமானாலும் இரண்டு பாதியாகப் பதித்தெடுங்கள். வார்ப்பதற்கு முன்னால் அந்த அச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் மெழுகு பிடிக்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன், மெழுகுக்கு எடுத்த இட்லித் தட்டை மறுபடி இட்லிக்கு எடுக்கவேண்டாம். பழையதாகப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள், மாமியாருக்கும் சொல்லிவிடுங்கள்.

மணல் அச்சு எல்லாவற்றிலும் அழகு. ஒரு தொட்டியில் ஈரமணலை அழுத்தி நிரப்பி, நடுவே ஒரு தேங்காயையோ குத்துவிளக்கின் அடிப்பாகத்தையோ அமுக்கி எடுத்தால் பள்ளம் விழும். அதில் ஒரு கரண்டியின் முதுகின்மேல் மெதுவாக ஊற்றினால், மணல் ஒரு தோலாக மெழுகோடு ஒட்டிக்கொண்டு, பாறையைக் குடைந்து விளக்கு வைத்ததுபோல் இருக்கும். ஆற்று மணல் இன்று தங்க விலை விற்கிறது. ஆனாலும் ஒரு சட்டி மணல் கிடைக்காமலா போகும்!

வார்க்கும் விதம். அச்சுக்கு எவ்வளவு மெழுகு வேண்டும் என்று தெரிய, அதில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். 100 மில்லி தண்ணீர் பிடித்தால் 90 கிராம் மெழுகு. பிறகு அச்சை ஈரப்பசை இல்லாமல் துடைத்து, தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, தொட்டது தெரியாத அளவுக்குத் தடவுங்கள். அடியில் துளையிருந்தால் நூலை அதன்வழி கோத்து முடிச்சிட்டுக் களிமண்ணால் அடையுங்கள். மேலே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து நூலை இறுக்கிக் கட்டுங்கள். நூல் நடுவில் நிற்கவேண்டும்; ஓரம் சாய்ந்தால் திரியும் ஓரமாகவே ஒழுகும். துளையில்லாத டம்ளராக இருந்தால், எண்ணெய் தடவிய கம்பி ஒன்றை நடுவே நிறுத்தி, திரி முக்கால் பதம் ஆறியதும் உருவிவிட்டு, அந்த வழியில் நூலைச் செருகிக் கொஞ்சம் மெழுகு விடலாம்.

மெழுகு முழுவதும் தெளிந்து உருகியதும் அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, 80 டிகிரி அளவில் ஊற்றுங்கள். ஒரே சீராக, நிறுத்தாமல். அதிகச் சூட்டில் ஊற்றினால் அளவுக்குமேல் சுருங்கும். ஆறிப்போனதை ஊற்றினால் திரியின் உடம்பெங்கும் வரிவரியாகவும் குழிகுழியாகவும் இருக்கும். ஊற்றியபின் அச்சை மெல்லத் தட்டுங்கள், காற்றுக் குமிழி மேலே வந்துவிடும்.

இனிதான் பொறுமைக்குச் சோதனை. மெழுகு ஆற ஆறச் சுருங்கும். ஓரம் முதலில் இறுகும், நடு கடைசியில் இறுகும். ஆகவே நூலைச் சுற்றி ஒரு கிணறு விழும். மேலே ஏடு படர்ந்ததும் கம்பியால் நூலோரம் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, மிச்சம் வைத்த மெழுகை மீண்டும் சூடாக்கி நிரப்புங்கள். முதலில் ஊற்றிய மட்டத்துக்கு மேலே போகக்கூடாது; போனால் மெழுகு அச்சுக்கும் திரிக்கும் நடுவே வழிந்து, திரி கழன்று வராது. பெரிய திரிக்கு இரண்டு தடவை, மூன்று தடவைகூட நிரப்பவேண்டியிருக்கும். இதைச் செய்யாத திரி வெளியே பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே பொந்து. ஓர் இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் கவிழ்த்துத் தட்டினால் குழந்தைபோல் கைக்கு வரும். வராவிட்டால் குளிர்ப்பெட்டியில் சில நிமிடங்கள் வையுங்கள். அவசரப்பட்டு மணிக்கணக்கில் வைத்தால் வெடிப்பு விழும்.

நிறத்துக்கு எண்ணெயில் கரையும் சாயம்தான் வேண்டும். கேசரிப் பவுடர் தண்ணீரில் கரைவது, மெழுகில் கரையாது. மஞ்சள்தூள், குங்குமம் அடியில் தங்கும்; திரியை அடைக்கும். பிள்ளைகளின் வண்ண மெழுகுக்குச்சியும் அப்படியே; பார்க்க நன்றாக இருக்கும், எரியாது. சென்ட் பாட்டிலை மெழுகில் கவிழ்க்கிறவர்களும் உண்டு. அதில் இருப்பது சாராயம், கலக்காது, பற்றும். சாயத்தை முதலில் ஸ்டீரிக் ஆசிட்டில் கரைத்துப் பிறகு மெழுகில் சேருங்கள். மெழுகு ஏடுபடரும் நேரத்தில் முள்கரண்டியால் அடித்தால் முட்டை வெள்ளைக்கரு அடித்ததுபோல் நுரைக்கும். அதைத் திரியின்மேல் அப்பினால் பனி படிந்த தோற்றம். பனியே பார்க்காத ஊரில் பனி எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஜிகினா, தெர்மோகோல் நட்சத்திரம், காகிதப்பூ, காய்ந்த இலை, இவற்றைத் திரியில் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிகிற பொருளை எரிகிற பொருளின்மேல் ஒட்டுகிறீர்கள். அலங்காரமெல்லாம் அடிப்பாகத்தோடு நிற்கட்டும். குடிலில் வைக்கோலுக்குப் பக்கத்தில் எந்தத் திரியும் வேண்டாம். அங்கே மின்விளக்குப் போதும். பேட்டரித் திரிக்கு உரிய இடம் எது என்று என்னைக் கேட்டால், அதுதான் என்பேன்.

கோவிலுக்குள் கதை வேறு. 1904இல் வந்த உரோமை ஆணைப்படி பாஸ்கா திரியும் பூசைக்கு ஏற்றும் இரண்டு திரிகளும் மிகப்பெரும் பகுதி தேன்மெழுகாக இருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் கண்டிப்பு பிற்காலத்தில் தளர்ந்தது. ஆனால் 1988இல் உரோமை வெளியிட்ட சுற்றுமடல் பாஸ்கா திரி மெழுகால் ஆனதாக இருக்கவேண்டும், செயற்கையானதாக இருக்கக்கூடாது, ஆண்டுதோறும் புதியதாக இருக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. பாஸ்கா புகழுரையில் தேனீக்களின் உழைப்பு இன்றும் நினைக்கப்படுகிறது. எரிந்து குறைகிற பொருள் ஒன்றைக் காணிக்கையாக வைப்பதும், எவ்வளவு நேரம் எரிந்தாலும் குறையாத பிளாஸ்டிக்கை வைப்பதும் ஒன்றாகுமா? நம் பவனிக்கு மெழுகுதிரி என்று நான் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கேட்டீர்கள். மாதா சுரூப வடிவில், குழந்தை இயேசு வடிவில் அச்சு விற்கிறது, வார்க்கலாமா என்று. வேளாங்கண்ணி முதல் பாந்த்ரா மலைமாதா கோவில் வரை, மெழுகால் செய்த வீடு, தொட்டில், கை, கால் என்று காணிக்கை வைக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். அவை எரிப்பதற்காகச் செய்தவை அல்ல. ஆனால் மாதாவின் தலையில் நூலைச் செருகிப் பற்றவைத்தால் என்ன ஆகும்? முதலில் உருகுவது முகம். பற்றவைக்க மனம் வராமல் அலமாரியில் வைத்தால், தூசி படிந்து, வெயிலில் கோணி, கடைசியில் குப்பையா கோவிலா என்று தெரியாமல் என்னிடமே கொண்டுவருவீர்கள். திருச்சட்டம் தடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. என் மனத்துக்கு ஒவ்வவில்லை; நம் பங்கில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மீன், திராட்சைக்குலை, கோதுமைக்கதிர், அல்லி, படகு, எத்தனை வடிவங்கள் இருக்கின்றன!

கடைசியாகப் பணவிஷயம். பவனி முடிந்ததும் இதையே தொழிலாகச் செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ மெழுகும் 100 கிராம் ஸ்டீரிக் ஆசிட்டும் கூடினால், 100 கிராம் திரி பதினொன்று. சிந்தியதும் ஒட்டியதும் போகப் பத்து. வெறும் வெள்ளைத் திரியில் எந்திரம் வைத்திருக்கும் ஆலையோடு உங்களால் போட்டிபோட முடியாது. அவர்கள் விற்கும் விலைக்கு உங்களால் மெழுகே வாங்க முடியாமல் போகலாம். ஆனால் பெயர் பொறித்த ஞானஸ்நானத் திரி, புதுநன்மைத் திரி, கலியாண வீட்டு மிதக்கும் திரி, கிறிஸ்துமஸ் அலங்காரத் திரி, இவற்றை ஆலை செய்யாது. கேட்டவருக்குக் கேட்ட வடிவில் கையால் செய்யவேண்டிய வேலை. அங்கே உங்கள் உழைப்புக்குக் கூலி கிடைக்கும். வருமானம் டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும், நடுவே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் ஐந்து கிலோவோடு தொடங்குங்கள்; விற்ற பணத்தில் அடுத்த ஐந்து கிலோ.

கடன் வாங்கித் தொடங்கவேண்டாம். குறிப்பாக ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். எங்களிடம் எந்திரம் வாங்குங்கள், நீங்கள் செய்யும் திரி முழுவதையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வரும். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் அக்காளும் தங்கையும் சங்கிலியை அடகு வைத்து எந்திரம் வாங்கினார்கள். முதல் மாதம் திரியை எடுத்துக்கொண்டு பணமும் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் இரண்டாவது எந்திரமும் வாங்கினார்கள். அடுத்த மாதம் திரி தரமில்லை என்று திருப்பினார்கள். அதற்கடுத்த மாதம் போனை எடுக்க ஆளில்லை. சங்கிலி ஏலத்துக்குப் போயிற்று. எந்திரம் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. திரியைத் திரும்ப வாங்குவதில் லாபம் இருந்தால் எந்திரத்தை ஏன் உங்களுக்கு விற்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். கையெழுத்துப் போடும் முன்னால் யாராக இருந்தாலும் பங்கு அலுவலகத்துக்கு வந்து காகிதத்தைக் காட்டுங்கள், படித்துச் சொல்கிறேன்.

பவனிக்கான ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். கையில் ஏந்தும் திரி ஒல்லியாக, ஒரு சாண் நீளத்தில் இருக்கட்டும்; மணல் திரியையும் பந்துத் திரியையும் பீடத்தின் முன்னே தட்டில் வைப்போம். ஒவ்வொரு திரிக்கும் சொட்டுப்பிடிக்க வட்டமாக ஓர் அட்டை வெட்டிக் கோத்துவிடுங்கள். நூலைக் கால் அங்குலத்துக்குக் கத்தரித்துக் கொண்டுவாருங்கள். நீண்ட நூல் புகையும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் திரி ஏந்தலாம். மந்திரிப்பு, பவனிக்கு முன்னால் கோவில் முற்றத்தில் நடக்கும்.

எரிந்து மிஞ்சிய மந்திரித்த திரித் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள், சாக்கடையில் உருக்கியும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். சக்ரீஸ்து அறைக்குப் பக்கத்தில் ஒரு தகரடப்பா வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் போடுங்கள். துணியில் வடிகட்டி, கல்லறைத் திருநாளுக்குத் திரி வார்த்துக்கொள்ளலாம். ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டு யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால், வரும் ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டுவந்து உபதேசியாரிடம் கொடுங்கள்.